கடிகாரத்துக்குப் பூட்டா, கல்லாவுக்குப் பூட்டா? பிள்ளைகளின் கேமுக்குச் சிங்கப்பூர் எந்தச் சட்டத்தைத் தேர்ந்தெடுக்கலாம்

ஆஸ்திரேலியாவில் 16 வயதுக்குட்பட்டவர்களுக்குச் சமூக ஊடகக் கணக்கு கிடையாது என்ற சட்டம் 2025 டிசம்பர் 10ஆம் தேதி நடப்புக்கு வந்தது. அதிலிருந்து இங்குள்ள தமிழ்ப் பெற்றோரின் வாட்ஸ்அப் குழுக்களில் ஒரு கேள்வி சுற்றிச் சுற்றி வருகிறது: கேமுக்கும் இதுபோல் ஒரு சட்டம் போட்டால் என்ன? கேட்பவர்களில் பலர் கவனிக்காத விஷயம், அந்த ஆஸ்திரேலியச் சட்டம் கேம்களை வெளியே நிறுத்திவிட்டது என்பதுதான். டுவிச், கிக் போன்ற நேரலைத் தளங்கள் தடைப் பட்டியலில் இருக்கின்றன; பிள்ளைகள் மொய்க்கும் ரோப்ளாக்ஸ் என்ற கேம் தளம் இல்லை. ஆகவே அதை அப்படியே இங்கே இறக்கினாலும் நம் வீட்டுக் கூடத்தில் எதுவும் மாறாது. கேமுக்கு என்று தனியாக யோசிக்கத்தான் வேண்டும்.

யோசிப்பதற்கு மற்ற நாடுகள் நிறையவே செய்து பார்த்திருக்கின்றன. என் கட்சியை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பிள்ளை எத்தனை மணி நேரம் விளையாடலாம் என்று அரசாங்கம் அளந்து கொடுப்பது வீண் வேலை. ஆனால் பிள்ளையிடம் எப்படிக் காசு வாங்குகிறார்கள், உள்ளே அதனிடம் யார் பேசுகிறார்கள் என்ற இரண்டையும் சட்டம் கண்டுகொள்ளாமல் விடுவது பெரிய பிழை. நம் வீடுகளில் நடக்கும் சண்டை முழுவதும் முதல் விஷயத்தைப் பற்றியது என்பதால் பின்னிரண்டும் யார் கண்ணிலும் படுவதில்லை.

பெட்டியின் மேல் வயது முத்திரை

இந்த ஊரில் சட்டம் இல்லாமல் இல்லை. 2007 நவம்பரில் ‘மாஸ் எஃபெக்ட்’ என்ற விளையாட்டை ஒரு மனிதப் பெண்ணும் வேற்றுக்கிரகப் பெண்ணும் நெருங்கும் ஒரு காட்சிக்காக இங்கே தடை செய்தார்கள். சில நாள்கூட ஆகவில்லை, 18 வயதுக்கு மேற்பட்டோருக்கு என்ற முத்திரையுடன் விற்கலாம் என்று தடையை நீக்கினார்கள். அடுத்த ஆண்டே வீடியோ கேம்களுக்கான வகைப்பாட்டு முறை வந்துவிட்டது. இப்போது அது தகவல், தொடர்பு, ஊடக மேம்பாட்டு ஆணையத்தின் பொறுப்பில் இருக்கிறது. அதில் ‘ஏடிவி16’ என்பது வெறும் அறிவுரை. ‘எம்18’ அப்படியல்ல, கடைக்காரர் வாங்குபவரின் வயதைச் சரிபார்த்துவிட்டுத்தான் விற்க வேண்டும்.

அமெரிக்காவில் இதையே செய்ய முடியவில்லை. வன்முறை கேம்களைச் சிறுவர்களுக்கு விற்கக் கூடாது என்று கலிஃபோர்னியா இயற்றிய சட்டத்தை அங்குள்ள உச்ச நீதிமன்றம் 2011இல், ஏழுக்கு இரண்டு என்ற தீர்ப்பில், பேச்சுச் சுதந்திரத்துக்கு எதிரானது என்று தள்ளிவிட்டது. நமக்கு அந்தத் தடை இல்லை. இங்கே சட்டம் போட முடியுமா என்று யாரும் கேட்பதில்லை. போட்டால் பயன் உண்டா என்பதே கேள்வி.

வட்டு விற்ற காலத்தில் முத்திரைக்குப் பயன் இருந்தது. சிம் லிம் ஸ்குவேர் கடைக்காரர் முறைத்துப் பார்த்தால் பையன் பெட்டியை வைத்துவிட்டு நடையைக் கட்டுவான். இன்று தொடக்கநிலை ஐந்தில் படிக்கும் பிள்ளை எந்தக் கடைக்கும் போவதில்லை. அதைவிட முக்கியமான குறை ஒன்று உண்டு. முத்திரை குத்துகிறவர்கள் ரத்தத்தையும் நிர்வாணத்தையும் கெட்ட வார்த்தையையும் பார்க்கிறார்கள். கட்டைக் கட்டையாக வீடு கட்டும் கேமில் இவை எதுவும் இல்லை. அதனால் அது குழந்தைகளுக்கு ஏற்றது. அதற்குள் இருக்கும் கடையும் அரட்டைப் பெட்டியும் அந்தக் கணக்கில் வருவதே இல்லை. முத்திரை இருக்கட்டும், எடுக்க வேண்டியதில்லை. அதன் மேல் பாரத்தை ஏற்ற முடியாது என்பதுதான் நான் சொல்ல வருவது.

மணி நேரத்தை அளப்பது

பெற்றோருக்கு மிகவும் பிடித்த தேர்வு இது. காப்பிக்கடையில் யாரிடம் பேச்சுக் கொடுத்தாலும் “சீனாவில் பாருங்கள்” என்றுதான் தொடங்குவார்கள்.

சீனாவில் உண்மையில் நடந்தது இது. 2019இல் 18 வயதுக்குட்பட்டோருக்கு வார நாளில் ஒன்றரை மணி நேரம், விடுமுறையில் மூன்று மணி நேரம் என்றும், இரவு 10 முதல் காலை 8 வரை கிடையாது என்றும் விதித்தார்கள். 2021 செப்டம்பர் 1 முதல் அதை இன்னும் இறுக்கினார்கள்: வெள்ளி, சனி, ஞாயிறு, பொது விடுமுறை நாள்களில் மட்டும் இரவு 8 முதல் 9 வரை. வாரத்துக்கு மூன்று மணி நேரம்தான். இதை நிறைவேற்ற உண்மைப் பெயர்ப் பதிவு, அரசாங்கத் தரவுத்தளத்துடன் சரிபார்ப்பு, சில நிறுவனங்களில் முகத்தை அடையாளம் காணும் ஏற்பாடு என எல்லாம் வந்தன.

அதே செப்டம்பரில் அங்கே ஒரு செய்தி பரவியது. 60 வயதுக்காரர் ஒருவரின் பெயரில் உள்ள கணக்கு அதிகாலை மூன்று மணிக்கு ஒரே மூச்சில் ஐந்து எதிரிகளை வீழ்த்தியதாம். பேரன் வேலைதான் என்று எல்லோரும் சிரித்தார்கள். அந்தக் கேமை நடத்தும் டென்சென்ட் நிறுவனம் சரிபார்த்ததில் முகச் சோதனையில் அந்த முதியவரின் முகமே பலமுறை தேறியிருந்தது. திறமைசாலித் தாத்தாவா, பக்கத்தில் அமர்ந்திருந்த பேரனா என்பதை நீங்களே முடிவு செய்துகொள்ளுங்கள். தாத்தா பாட்டியிடம் பிள்ளையை விட்டுவிட்டு வேலைக்கு ஓடும் நம் வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீடுகளை நினைத்துப் பார்த்தால் எனக்கு இதில் சந்தேகம் அதிகம் இல்லை.

விளைவு என்ன? 2022இல் சீனாவின் விளையாட்டுத் தொழில்துறை அமைப்பு, சிறுவர்களில் 75 விழுக்காட்டுக்கு மேற்பட்டோர் வாரத்துக்கு மூன்று மணி நேரத்துக்கும் குறைவாகவே விளையாடுகிறார்கள், அடிமைத்தனம் ஏறக்குறையத் தீர்ந்துவிட்டது என்று அறிவித்தது. தொழில்துறை தனக்குத் தானே போட்டுக்கொண்ட மதிப்பெண் அது. 2023இல் ‘நேச்சர் ஹியூமன் பிஹேவியர்’ ஆய்விதழில் வந்த கட்டுரை வேறு மாதிரி சொன்னது. 2019 விதிக்கு முன்னும் பின்னும் பல நூறு கோடி மணி நேர விளையாட்டுத் தரவை ஆராய்ந்து, அளவு மீறி விளையாடுவது குறைந்ததற்கு நம்பத்தக்க சான்று இல்லை என்றது. அந்தத் தரவில் பெரியவரையும் சிறுவரையும் பிரித்துப் பார்க்க முடியவில்லை என்ற குறை உண்டு. 2021 விதியைப் பற்றி அது பேசவும் இல்லை. ஆனாலும் இவ்வளவு பெரிய அரசாங்க இயந்திரம் போட்ட விதியின் தடம் இவ்வளவு பெரிய தரவில் தென்படவில்லை என்றால் அது சாதாரண விஷயம் இல்லை.

தென்கொரியாவின் கதை நமக்கு இன்னும் நெருக்கமானது; படிப்புப் பைத்தியம், துணைப்பாட வகுப்பு, அதிவேக இணையம் எல்லாம் இரண்டு ஊருக்கும் பொது. 2011 நவம்பர் முதல் அங்கே 16 வயதுக்குட்பட்டோர் நள்ளிரவு 12 முதல் காலை 6 வரை இணைய விளையாட்டில் நுழைய முடியாது. 2014இல் அரசியலமைப்பு நீதிமன்றமும் அதைச் சரி என்றது. ஆனால் விதி எழுதப்பட்டது கணினி விளையாட்டுக்கு. பிள்ளைகள் கைப்பேசிக்கு மாறிக்கொண்டார்கள். கைப்பேசி விதிக்கு வெளியே இருந்தது. கணினியிலேயே ஆடியவர்கள் அம்மா அப்பாவின் பதிவு எண்ணைப் போட்டு நுழைந்தார்கள். 2021இல் கூத்து உச்சத்துக்குப் போனது. மைக்ரோசாஃப்ட் நிறுவனம் தன் கணக்கு முறையை மாற்றியபோது, கொரியச் சிறுவர்களுக்கென்று தனி ஏற்பாடு செய்யாமல், கட்டைகளால் வீடு கட்டும் மைன்கிராஃப்ட்டை அங்கே 19 வயதுக்கு மேற்பட்டோருக்கான விளையாட்டாக ஆக்கிவிட்டது. எட்டு வயதுக் குழந்தைகள் ஆடும் கேம் அது! 2022 ஜனவரி 1 அன்று சட்டம் நீக்கப்பட்டது. பெற்றோர் கேட்டுக்கொண்டால் அவர்கள் குறிப்பிடும் நேரத்துக்குக் கணக்கை மூடும் ஏற்பாடு மட்டும் மிஞ்சியது.

வியட்நாம் 2024 டிசம்பர் 25 முதல் ஒரு கேமுக்கு நாளொன்றுக்கு 60 நிமிடம், ஒரே நிறுவனத்தின் எல்லாக் கேமுக்கும் சேர்த்து 180 நிமிடம் என்று விதித்திருக்கிறது. ஜப்பானின் ககாவா மாநிலத்தில் 2020 முதல் வார நாளில் 60 நிமிடம், விடுமுறையில் 90 நிமிடம். மீறினால் தண்டனை எதுவும் இல்லை. தண்டனை இல்லாத சட்டம் வீட்டுச் சுவரில் ஒட்டும் அட்டவணைதான். அதை நாமே ஒட்டிக்கொள்ளலாமே.

தமிழ்நாட்டிலிருந்து உறவினர்கள் அனுப்பும் செய்தியையும் இங்கே கொஞ்சம் சரிசெய்துவிடுகிறேன். அங்கே 2025இல் வந்த நள்ளிரவு 12 முதல் காலை 5 வரையிலான கட்டுப்பாடும், அதைச் சென்னை உயர் நீதிமன்றம் அந்த ஆண்டு ஜூனில் ஏற்றுக்கொண்டதும் ரம்மி போன்ற பணம் கட்டி ஆடும் விளையாட்டுகளைப் பற்றியவை. அவ்வகை விளையாட்டையே அந்த ஆகஸ்டில் இந்திய நாடாளுமன்றம் நாடு முழுக்கத் தடை செய்தது. மைன்கிராஃப்ட் ஆடும் பிள்ளைக்கும் அதற்கும் தொடர்பு இல்லை.

சிங்கப்பூரில் நேரக் கட்டுப்பாடு ஏற்கெனவே ஓரிடத்தில் ஓடிக்கொண்டிருக்கிறது என்பதைப் பலர் மறந்துவிடுகிறார்கள். உயர்நிலைப் பள்ளி மாணவர்களின் கற்றல் சாதனங்கள் 2026 ஜனவரி முதல் இரவு 10.30 மணிக்குத் தாமாகவே உறங்கிவிடும்படி அமைக்கப்பட்டுள்ளன; முன்பு அது 11 மணி. பள்ளி நேரம் முழுவதும், இடைவேளையிலும் இணைப்பாட நடவடிக்கையிலும்கூட, திறன்பேசியும் திறன்கடிகாரமும் பயன்படுத்தக் கூடாது. இது நடக்கக் காரணம், அந்தச் சாதனத்தில் பள்ளியின் நிர்வாகச் செயலி இருக்கிறது. அந்த வகுப்பறையில் ஆசிரியர் இருக்கிறார். அப்பா பிறந்தநாளுக்கு வாங்கிக் கொடுத்த கைப்பேசியில் கல்வி அமைச்சு இல்லை. அதற்குள் அரசாங்கத்தை வரவழைக்க வேண்டுமென்றால் சீனாவைப்போல் ஒவ்வொரு கேம் கணக்கையும் அடையாள எண்ணோடு முடிச்சுப் போட வேண்டும். அவ்வளவு விலை கொடுத்து வாங்கும் பொருள் தாத்தாவின் முகத்தில் தோற்றுப்போகிறது.

வாசலில் வயது கேட்பது

சரி, நேரத்தை விடுவோம். உள்ளே நுழையும்போதே வயதைச் சோதித்தால்? இந்தப் பாதையில் நாம் பாதித் தூரம் வந்துவிட்டோம். செயலிக் கடைகளுக்கான நடத்தை விதிமுறை 2025 மார்ச் 31 முதல் நடப்பில் இருக்கிறது. ஆப்பிள், கூகல், ஹுவாவெய், மைக்ரோசாஃப்ட், சாம்சுங் ஆகிய ஐந்து கடைகளும் 18 வயதுக்குட்பட்டோருக்குப் பொருந்தாத செயலிகள் அவர்கள் கைக்குப் போகாதபடி வயதை உறுதிசெய்யும் வழிகளை ஏற்படுத்த வேண்டும். ஒவ்வொரு கேம் நிறுவனத்தையும் துரத்தாமல் ஐந்து வாசலில் காவல் போடுவது கெட்டிக்காரத்தனம்தான். எனக்கு இதில் குறை சொல்ல மனமில்லை.

ஆனால் ஒரு சங்கடம் உண்டு. சிங்கப்பூரில் அடையாள அட்டை 15 வயதில்தான் கிடைக்கிறது. அரசாங்கத்தின் மின்னிலக்க அடையாளமான சிங்பாஸும் 15 வயதிலிருந்துதான். பத்து வயதுப் பிள்ளை தனக்குப் பத்து வயது என்று திரையில் காட்ட எளிய வழி எதுவும் இல்லை. அதனால் நடைமுறையில், தாம் பிள்ளை இல்லை என்று நிரூபிக்கும் வேலை பெரியவர்கள் தலையில் விழுகிறது. அப்படிக் காட்டிய அடையாள அட்டை எங்கே போகிறது? 2025 அக்டோபரில் டிஸ்கார்ட் என்ற அரட்டைத் தளத்துக்காக வேலை செய்த வெளி நிறுவனத்திடமிருந்து ஏறக்குறைய 70,000 பேரின் அரசாங்க அடையாளப் படங்கள் கசிந்திருக்கலாம் என்று அத்தளமே அறிவித்தது. வயதை நிரூபிக்கக் கொடுத்த படங்கள் அவை.

வாசல் காவலின் இன்னொரு குறை முத்திரையின் குறையேதான். பொருந்தாத செயலியை அது நிறுத்தும். பொருத்தமான செயலிக்குள் நடப்பதை அது பார்க்காது.

கல்லாவில் கை வைப்பது

விரிவாகப் பேச வேண்டியது இங்கேதான்.

‘கென்ஷின் இம்பாக்ட்’ என்ற கேமில் ஒரு புதிய பாத்திரத்தைப் பெற ஒரு பொத்தானை அழுத்துவார்கள். திரையில் வானம், ஓர் எரிநட்சத்திரம் பாய்ந்து வருகிறது. நீல ஒளி என்றால் சாதாரணப் பொருள். ஊதா என்றால் கொஞ்சம் மேல். பொன்னிறமாக மாறினால் பக்கத்தில் இருப்பவனும் சேர்ந்து கத்துவான். அந்தப் பொன்னிறம் ஒரு தடவைக்கு வரும் அடிப்படை வாய்ப்பு 0.6 விழுக்காடு. வராமலே போனால் 90ஆவது தடவை கட்டாயம் வரும். ஆனால் பிள்ளை ஆசைப்பட்ட பாத்திரமாக இருக்கும் என்ற உறுதி அப்போதும் இல்லை. ஒரு தடவைக்கு 160 பிரிமோஜெம், அதாவது கேமுக்குள் செல்லும் நாணயம். தொண்ணூறு தடவைக்கு 14,400. பிரிமோஜெம்மை விளையாடியும் சேர்க்கலாம், வேறொரு கிரிஸ்டலைக் கொடுத்தும் மாற்றலாம். அந்தக் கிரிஸ்டலைத்தான் வெள்ளி கொடுத்து வாங்க வேண்டும். பணம் இரண்டு முறை உருமாறிய பிறகே பொத்தானுக்கு வருகிறது.

வேறொரு கேம் ஆடும் என் அக்கா மகனிடம், “ஒரு பெட்டியைத் திறக்க எத்தனை வெள்ளி ஆகும்?” என்று கேட்டேன். “வெள்ளியை யார் மாமா பார்ப்பார்கள்? வைரம் எத்தனை என்றுதான் பார்ப்போம்” என்றான். கணிதத்தில் கெட்டிக்காரன். தீபாவளிக்கு உறையில் கிடைத்த பணம் புளோக்குக்குக் கீழே இருக்கும் கடையில் முன்கட்டண அட்டையாக மாறி, அட்டையின் பின்னால் சுரண்டிய எண் கைப்பேசிக்குள் போய் வைரமாகிவிட்டது. அக்காவின் வங்கிக் கணக்கில் ஒரு காசும் குறையவில்லை. அதனால் அவருக்கு எந்த எச்சரிக்கையும் வரவில்லை. தீவிரத் தணிக்கை செய்யும் குடும்பத் தலைவியர்கூட இங்கே ஏமாந்துபோவார்கள்.

என்ன விழும் என்று தெரியாமல் காசு கொடுத்துத் திறக்கும் இத்தகைய பெட்டிகளுக்கு லூட் பாக்ஸ் என்று பெயர். 2018இல் பெல்ஜியம் அவற்றைச் சூதாட்டம் என்று அறிவித்தது. சில பெரிய நிறுவனங்கள் அங்கே அவற்றை நிறுத்தின. பின்னர் ஆய்வாளர் ஒருவர் அங்கு அதிகம் சம்பாதிக்கும் 100 ஐபோன் கேம்களைப் பார்த்தபோது 82இல் லூட் பாக்ஸ் அப்படியே இருந்தது. சட்டம் எழுதினார்கள், கண்காணிக்க ஆள் போடவில்லை. நெதர்லாந்தில் எடுத்த நடவடிக்கையை 2022இல் அங்குள்ள உயர் நிர்வாக நீதிமன்றம் ரத்து செய்தது. ஆஸ்திரேலியா 2024 செப்டம்பர் 22 முதல், காசு கொடுத்து வாங்கும் லூட் பாக்ஸ் உள்ள புதிய கேம்களுக்குக் குறைந்தது 15 வயதுக்கு மேற்பட்டோருக்கான அறிவுரை முத்திரை என்றது; அது மறுபடியும் முத்திரைதான். பிரேசில் 2025இல் இயற்றிய சட்டத்தில் சிறுவர்களுக்கான கேம்களில் அவற்றை முழுதாகத் தடை செய்தது.

நம் சூதாட்டக் கட்டுப்பாட்டுச் சட்டம் 2022 ஆகஸ்ட் 1 முதல் நடப்பில் உள்ளது. அதன் கண்ணில் முக்கியமானது, கேமில் விழும் பொருளை வெளியே கொண்டுபோய்ப் பணமாக்க முடியுமா என்பது. முடிந்தால் அது சூதாட்டத்தின் பக்கம் சாயும். முடியாவிட்டால் பெரும்பாலும் விளையாட்டு. பெரியவர்களின் சூதாட்டத்தை அளக்க இது நல்ல அளவுகோல். பிள்ளைக்கு இது பொருந்தவில்லை. பொன்னிற நட்சத்திரத்தை விற்கும் எண்ணமே பிள்ளைக்கு இல்லை. அது வேண்டும், அவ்வளவுதான். வெல்வதைப் பணமாக்க முடியாது என்பதால் அது செலவழித்த பணம் திரும்ப வரப்போவதில்லை. காசினோவில் நுழைய 21 வயது ஆக வேண்டும் என்று கறாராக இருக்கும் நாட்டில், அதே பரபரப்பைத் தரும் பொத்தானை ஒன்பது வயதில் அழுத்தலாம்.

எனக்கு எரிச்சல் தரும் பகுதி இனிமேல்தான் வருகிறது. அதே கென்ஷினை அமெரிக்காவில் வெளியிடும் நிறுவனத்தோடு அந்நாட்டு வர்த்தக ஆணையம் 2025 ஜனவரியில் ஒரு தீர்வுக்கு வந்தது. 20 மில்லியன் அமெரிக்க டாலர் தண்டம். 16 வயதுக்குட்பட்டோருக்குப் பெற்றோர் ஒப்புதல் இல்லாமல் லூட் பாக்ஸ் விற்கக் கூடாது. வாய்ப்பு விழுக்காட்டையும் நாணய மாற்று விகிதத்தையும் வெளிப்படையாகச் சொல்ல வேண்டும். உண்மைப் பணத்திலேயே நேரடியாக வாங்க வழி இருக்க வேண்டும். குற்றச்சாட்டுகளில் பல சரியல்ல என்று நிறுவனம் சொன்னது, ஆனாலும் உடன்பட்டது. அந்த வழக்கில் ஒரு தரப்பாக இருந்த காக்னோஸ்ஃபியர் சிங்கப்பூரில் உள்ள நிறுவனம். டெக்சஸ் பிள்ளைக்கு விலையை டாலரில் சொல்ல இங்கிருக்கும் நிறுவனம் ஒப்புக்கொண்டிருக்கிறது. தெம்பனிஸ் பிள்ளைக்கு வெள்ளியில் சொல் என்று நாம் கேட்கவே இல்லை.

கேட்பதற்கு நமக்குச் செல்வாக்கு இல்லை என்று யாரும் சொல்ல முடியாது. ஃப்ரீ ஃபயர் என்ற கேமை வெளியிடும் கரீனாவும் இந்த ஊர் நிறுவனம்தான். 2023 ஜூனில் ஒலிம்பிக் மின்விளையாட்டு வாரத்தைச் சன்டெக்கில் நடத்திக் கைதட்டிய நாடு இது. தொழில் இங்கே வேண்டும் என்று அழைக்கிறோம். அழைத்த வீட்டுக்காரர் செருப்பை வெளியே விடச் சொன்னால் விருந்தாளி கோபித்துக்கொண்டு போய்விடுவதில்லை.

இன்னொன்று. சீனச் சட்டத்தைப் பற்றிப் பேசுகிறவர்கள் மணி நேரத்தை மட்டும் பேசுகிறார்கள். அந்த 2019 விதியிலேயே செலவுக்கும் உச்சவரம்பு இருந்தது: 8 வயதுக்குட்பட்டோர் ஒரு காசும் செலவழிக்கக் கூடாது, 8 முதல் 16 வரை மாதம் 200 யுவான், 16 முதல் 18 வரை 400 யுவான். எதைப் பார்த்து வியக்கிறோமோ அதை விட்டுவிட்டு, யாரும் பேசாத இந்தப் பகுதியைத்தான் நாம் எடுத்துக்கொள்ளலாம். நேரம் தடயம் இல்லாமல் கரைந்துபோகும், பணம் அப்படிக் கரையாது. ஒவ்வொரு விற்பனையும் எங்கோ ஒரு பதிவேட்டில் இருக்கிறது. கணக்கின் மேல் மாத வரம்பு இருந்தால் முன்கட்டண அட்டை எத்தனை சுரண்டினாலும் அது வரம்போடு நின்றுவிடும். பொய் வயது கொடுத்தால் இதுவும் தோற்கும், மறுக்கவில்லை. ஆனால் தாத்தா கணக்கில் பேரன் செலவழித்தால் தாத்தா வீட்டிலேயே கேள்வி கேட்பார். தாத்தா கணக்கில் பேரன் விளையாடினால் கேட்க மாட்டார்.

யார் பேசுகிறார்கள்

2023 பிப்ரவரியில் உள்துறை அமைச்சு வெளியிட்ட ஓர் அறிக்கை, சுயமாகத் தீவிரவாதத்துக்கு ஆளான 16 வயதுச் சிங்கப்பூர் மாணவர் ஒருவரைப் பற்றியது. அவர் ரோப்ளாக்ஸில் ஐஎஸ் பயங்கரவாத அமைப்பின் பாணியில் உருவாக்கப்பட்ட உலகங்களில் சேர்ந்திருந்தார். சிரியாவையும் பிலிப்பீன்சின் மராவி நகரையும் போன்ற போர்க்களங்கள் அவை. அதைவிடக் குறைந்த தீங்குக்கு நாம் பெரிய சட்டங்கள் இயற்றியிருக்கிறோம்.

இருந்தும், 2023 ஜூலையில் வந்த இணையப் பாதுகாப்பு நடத்தை விதிமுறையின் கீழ் அடையாளம் காணப்பட்ட ஆறு தளங்களில் கேம் தளம் ஒன்றுகூட இல்லை. ஃபேஸ்புக், இன்ஸ்டகிராம், டிக்டாக், டுவிட்டர், யூடியூப், நம்மூர் ஹார்ட்வேர்சோன். வீட்டில் தம்பி ஆடும் கேமிலும் அரட்டை உண்டு என்ற எண்ணம் அந்தப் பட்டியலில் தெரியவில்லை. ரோப்ளாக்ஸ் 2026 தொடக்கத்திலிருந்து அரட்டைக்கு முன் முகத்தை வைத்து வயதைக் கணிக்கிறது. அது நிறுவனமாகப் பார்த்துக் கொண்டுவந்தது, பல நாடுகளின் நெருக்குதலுக்குப் பிறகு. நிறுவனமாகப் பார்த்துக் கொண்டுவந்ததை நிறுவனமாகப் பார்த்து எடுத்துவிடவும் முடியும். இங்கே வேண்டியது புதிய சட்டம்கூட இல்லை. இருக்கும் பட்டியலின் வாசலை அகலமாக்கினால் போதும்.

பெற்றோரிடமே விட்டுவிடுவது

நேரத்தைப் பொறுத்தவரை இதுவே சரி என்பது என் முடிவு. சுகாதார அமைச்சு 2025 ஜனவரியில் தந்த வழிகாட்டியில் 18 மாதம் முதல் 6 வயது வரை, பள்ளிக்கு வெளியே, நாளுக்கு ஒரு மணி நேரத்துக்கும் குறைவு. 7 முதல் 12 வரை இரண்டு மணி நேரத்துக்கும் குறைவு. சட்டம் இல்லை, வழிகாட்டிதான். பகல் ஷிப்டும் இரவு ஷிப்டும் மாறி மாறிப் பார்க்கும் தாதியின் வீட்டில் இதைக் கடைப்பிடிப்பது எவ்வளவு கடினம் என்பது தெரியாமல் சொல்லவில்லை. கை மீறிப்போன வீடுகளுக்கு மனநலக் கழகத்தின் கீழுள்ள, அடிமைப் பழக்கங்களுக்கான தேசியச் சேவையும் ‘டச்’ (TOUCH) சமூக சேவை அமைப்பும் இருக்கின்றன. உலகச் சுகாதார நிறுவனமே விளையாட்டுக் கோளாற்றை 2022 ஜனவரியில் நடப்புக்கு வந்த தன் நோய்ப் பட்டியலில் சேர்த்திருக்கிறது. பொதுவாக 12 மாதம் நீடித்து, படிப்பையும் உறவையும் தூக்கத்தையும் குலைத்தால்தான் அது கோளாறு. பள்ளி விடுமுறையில் மூன்று நாள் இடைவிடாமல் ஆடியதெல்லாம் அதில் சேராது.

ஆனால் பெற்றோரிடம் விடுவது என்றால் அவர்களால் செய்ய முடிந்ததைத்தான் விட முடியும். ஒன்பதரை மணிக்குக் கைப்பேசியை வாங்கி வைக்க ஓர் அம்மாவால் முடியும். 0.6 விழுக்காட்டை அவர் கண்டுபிடிக்க முடியாது. அரட்டையில் வந்த ‘13 வயது அண்ணன்’ உண்மையில் யார் என்று அவரால் சொல்ல முடியாது.

அரசாங்கம் பொதுமக்களிடம் கருத்துக் கேட்கும்போது எழுத நினைப்பவர்களுக்கு நான் பரிந்துரைக்கும் வரிசை இதுதான். முதலில், 18 வயதுக்குட்பட்டோரின் கணக்கில் காசுக்கு விற்கும் லூட் பாக்ஸ் மூடியே இருக்க வேண்டும். பெற்றோர் திறந்தால்தான் திறக்க வேண்டும். விலை வெள்ளியில் இருக்க வேண்டும். மாத வரம்பு இருக்க வேண்டும். அடுத்து, அரட்டை உள்ள பெரிய கேம் தளங்கள் இணையப் பாதுகாப்பு விதிமுறைக்குள் வர வேண்டும். மூன்றாவது, வயதைச் சோதிக்கும் நிறுவனம் சோதனை முடிந்ததும் படத்தை அழிக்க வேண்டும் என்று எழுத்தில் வேண்டும். மணி நேரத்தைக் கேட்காதீர்கள். கேட்டால் அதைக் கொடுத்துவிட்டு மற்றதை மறந்துவிடுவார்கள், ஏனென்றால் தலைப்புச் செய்திக்கு அதுதான் நன்றாக இருக்கும்.

அதுவரை இன்றே செய்யக்கூடிய வேலை ஒன்று உண்டு. பிள்ளையின் கேம் கணக்கைத் திறந்து, அதில் பிறந்த ஆண்டு என்னவென்று பாருங்கள். பதிவு செய்த அன்று அவசரத்தில் விரல் உருட்டிய இடத்தில் 1998 என்றோ 2001 என்றோ நிற்கும். சட்டமும் நிறுவனமும் பிள்ளைகளுக்கென்று எந்தக் காவலை வைத்தாலும் அந்த எண்ணைப் பார்த்துத்தான் வைப்பார்கள். சில தளங்களில் திருத்துவதற்கு உதவிப் பிரிவுக்கு எழுத வேண்டியிருக்கும். பிள்ளை முகம் சுளிக்கும், அரட்டை மூடிக்கொள்ளும், சில நண்பர்கள் பட்டியலிலிருந்து மறைவார்கள். மறைகிறவர்கள் யார் என்று அப்போது கேட்டுத் தெரிந்துகொள்ளலாம்.